புரோபஸின் கதையைப் பாதியில் நிறுத்துகிறவர்

முதல் நாளே என் கையில் ஒரு வேலையைக் கொடுத்தார். லா ஷப்பெலில், மேம்பால மெத்ரோவின் இரைச்சல் விழும் தேநீர்க் கடையில் எனக்கு எதிர்க் கதிரையில் வந்து உட்கார்ந்தவர், மேசை ஆடுவதைப் பார்த்தார். மேசையில் கிடந்த விளம்பரத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"முசே, உங்க கை சும்மாதானே இருக்கு. இத எட்டா மடிங்க."

மடித்துக் கொடுத்தேன். குனிந்து மேசைக் காலின் கீழ் வைத்தார். மேசை நின்றது. அதன் பிறகுதான் வணக்கம் சொன்னார்.

அவர் புதுச்சேரிக்காரர்; ஐயா என்பதற்கு முசே என்பார். பிரெஞ்சுப் படையில் பதினைந்து வருடம் இருந்து கப்பொராலாக வெளியே வந்தவர். கப்பொரால் என்றால் கீழிருந்து இரண்டாவதோ மூன்றாவதோ படி; அதற்குமேல் அவர் ஏறவில்லை. பிறகு ஓர் அரசு அலுவலகத்தில் வாயில்காப்போனாக இருந்து ஓய்வுபெற்று, சென் தெனியில் மனைவியோடு வசித்தார். எங்கள் யாழ்ப்பாணப் பொடியன்கள் அவருக்கு வைத்த பட்டம் கொம்மாந்தான், அதாவது பெரிய படையதிகாரி. பட்டாளத்தில் யாரும் அவரை அப்படி அழைத்ததில்லை. இங்கே கேலியாகத் தொடங்கிய பெயர், இரண்டு வருடத்தில் மரியாதையாகிவிட்டது. மூன்றாவது வருடம் திரும்பவும் கேலியானது.

எனக்குத் தேதிகளைக் குறித்து வைக்கும் பழக்கம் உண்டு. இருபத்தாறு கொப்பிகள் இருக்கின்றன. ஆனாலும் இங்கே வருடங்களை வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன். வருடத்தைச் சொன்னால் சங்கத்தைக் கண்டுபிடிப்பார்கள். சங்கத்தைக் கண்டுபிடித்தால் எங்களில் யார் யார் என்று விரல் நீட்டுவார்கள். அந்த அளவுக்கு எனக்குத் துணிவில்லை. துணிவு இருந்திருந்தால் இதை எழுதவேண்டி வந்திராது.

அவர் வாசித்தது ஒரே ஒரு அரசனைப் பற்றித்தான். ரோமப் பேரரசன் புரோபஸ். இவர் படைமுகாம் ஒன்றில் இருந்தபோது பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர், இந்த நாட்டுக்காரர் கொடி நட்டு வைன் செய்யலாம் என்று அனுமதி கொடுத்தவன் ஒரு சிப்பாய் ராஜா என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து பிடித்துக்கொண்டார். பழம்பொருள் சந்தையில் அந்த அரசனின் தலை பதித்த செப்புக் காசு ஒன்றை வாங்கி, மெத்ரோ அட்டையோடு சட்டைப் பையில் வைத்திருந்தார். கதிர்கள் நீட்டிய கிரீடம், ஒட்ட வெட்டிய தாடி, தடித்த கழுத்து. "நம்ம ஆளு முசே," என்பார். "ராஜா ஆனப்புறமும் சொல்தாவாவே இருந்தான்." புதுச்சேரியில் பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரனுக்குச் சொல்தா என்று பெயர்.

நான் நூலகத்தில் தேடிப் படித்தேன். 232ஆம் ஆண்டு ஓகஸ்ட் 19ஆம் தேதி பிறந்தவன். ஊர் சிர்மியம், இன்றைய சேர்பியாவில். 276இல் கிழக்கே இருந்த படைகள் அவனை அரசனாக்கின. இந்தப் பிரான்ஸ் அன்று கோல் நாடு. ரைன் நதியைத் தாண்டி வந்தவர்களிடம் அதன் நகரங்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. அவன் வந்து அவற்றை மீட்டான். அவர் அவனுக்கு ஏழு வருட ஆட்சி கொடுப்பார். நான் ஆறு வருடமும் சில மாதமும் என்று திருத்துவேன்.

"உங்களுக்கு மாசம் முக்கியம்," என்பார். "எனக்கு அவன் இன்னா வேலை வாங்கினான்றது முக்கியம்."

கதையை எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். எப்போதும் ஒரே இடத்தில் நிறுத்துவார். "சண்டை முடிஞ்சிது. சொல்தாங்க கைய சும்மா வுட்டானா? வுடல. கொடி நட வெச்சான். அவன் ஊரு சதுப்பு நெலம். வாய்க்கா வெட்ட வெச்சான்."

"பிறகு?" என்று யாராவது கேட்பார்கள்.

"பிறகு இன்னா. தண்ணி ஓடிச்சி."

அதோடு எழுந்து விடுவார்.

எங்கள் சங்கத்துக்கு அவர் வந்தது அவருடைய பிரெஞ்சுக்காக. வருடா வருடம் ஓகஸ்ட் கடைசியில் லா ஷப்பெல் வீதிகளில் தேர் வரும். தேரை நடத்துவது கோயில்காரர், நாங்கள் அல்ல. சனத்துக்கு வழி விடுவது, பிள்ளைகள் தொலையாமல் பார்ப்பது, பொலிசுக்கும் சனத்துக்கும் நடுவில் நிற்பது என்று தொண்டு செய்ய முப்பத்தெட்டுப் பேர் சேர்ந்த சிறிய சங்கம் எங்களுடையது. பொலிசுக்காரரோடு நிமிர்ந்து நின்று பேச ஒருவர் தேவைப்பட்டார். அவரைத் தொண்டர் தலைவராக்கினோம். நான் செயலாளர்; ஊரில் படிப்பித்தவன் என்பதால் சங்கத் தலைவருக்கு நான் மாஸ்டர்.

தேருக்கு முன்னால் கடைக்குக் கடை தேங்காய்கள் மலையாகக் குவிந்திருக்கும். உடைத்து முடிய, வீதி முழுக்கச் சிரட்டையும் சிதறலும் தேங்காய்த் தண்ணீர்ச் சேறுமாகக் கிடக்கும். அதைக் கூட்ட மேரி என்கிற நகரசபையின் ஆட்கள் வண்டிகளோடு வருவார்கள். வருடக்கணக்காக அதுதான் நடைமுறை. அவர் வந்த முதல் வருடமே, தேர் திரும்பிய கையோடு, நாற்பது சாக்கை எடுத்து நீட்டினார்.

"நம்ம சாமிக்கு நாம ஒடச்சது. மேரி ஆளு எதுக்கு அள்ளணும்? ஆலே, குனிங்க."

குனிந்தார்கள். அந்த முதல் வருடம் எல்லோரும் சிரித்துக்கொண்டே குனிந்தார்கள். நகரசபைக்காரர் ஒருவர், கறுத்த உயர்ந்த மனிதர், துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு எங்களைப் பார்த்துத் தலையசைத்தது என் குறிப்பில் இருக்கிறது. நானும் மூன்று சாக்கு அள்ளினேன்.

அவருடைய இந்தக் குணத்தை நல்லது என்றும் சொல்ல முடியாது, கெட்டது என்றும் சொல்ல முடியாது. துக்கமானாலும் சந்தோஷமானாலும் மனிதனுக்கு அவர் கொடுக்கக்கூடியது ஒரு வேலை. எங்கள் சங்கத்தில் ஒருவன், உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன், வாய்காரன். ஒரு மாசி மாதச் சனிக்கிழமை, கார்ஜில் நாங்கள் வாடகைக்கு எடுக்கும் மண்டபத்தில் மறுநாள் அன்னதானத்துக்குச் சமையல் நடந்துகொண்டிருந்தபோது, ஊரில் அவனுடைய தகப்பன் செத்துப்போன செய்தி தொலைபேசியில் வந்தது. அவனிடம் ஊருக்குப் போய்த் திரும்ப வதிவிடப் பத்திரமும் இல்லை. எல்லோரும் சுற்றி நின்று முதுகைத் தடவினோம். கொம்மாந்தான் வந்தார். ஒரு கத்தியும் ஒரு மூட்டை வெங்காயமும் அவன் முன்னால் வைத்தார்.

"உரி தம்பி."

"அண்ணை, எண்ட அப்பா செத்திட்டார்."

"தெரியும். உரி."

அவரும் எதிரில் உட்கார்ந்து உரித்தார். மூட்டை முடியும்வரை இருவரும் எழும்பவில்லை. அவன் அழுததும் வெங்காயத்தால் வந்த கண்ணீரும் யாருக்கும் பிரித்துத் தெரியவில்லை. போகும்போது அவன் என்னிடம் சொன்னான்: "நல்ல மனுசன் அண்ணை. சும்மா இருந்திருந்தா எனக்கு விசர் பிடிச்சிருக்கும்." அந்த வசனத்தை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

மூன்றாவது வருடம். தேர் முடிந்த மாலை. அள்ளி முடித்துவிட்டு நடைபாதை விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து சோற்றுப் பார்சல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அந்த வருடம் யாரும் சிரித்துக்கொண்டு குனியவில்லை. காரணம் எனக்குத் தெரியும். வருடம் முழுக்கக் கோப்பை கழுவுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், மற்றவன் வீட்டு மலசலகூடம் துடைக்கிறவர்கள். அந்த ஒரு நாள்தான் அவர்களுக்கு மஞ்சள் மேலங்கியும் கையில் வோக்கிடோக்கியும். அந்த ஒரு நாள்தான் அவர்கள் கை காட்டினால் சனம் நிற்கும். அதன் முடிவிலும் மனைவி பிள்ளைகள் பார்க்க, பிரெஞ்சுக்காரர் படம் பிடிக்க, குனிந்து குப்பை. எனக்குத் தெரிந்த இது அவருக்குத் தெரியவில்லை. அவர் அதில் அவமானம் ஒன்று இருப்பதாக நினைத்ததே இல்லை.

சாப்பாட்டுக்கு நடுவே அவர் புரோபஸைத் தொடங்கினார். வாய்க்கால்வரை வந்தார். "ஒரு நாள் அவன் சொன்னான், இப்படியே போனா இனிமே சொல்தாவே தேவப்படாதுன்னு. நானும் சொல்றேன். இன்னும் ரெண்டு வருஷத்துல உங்க யாரும் தேவப்படாது. சனங்களே அவங்கவங்க ஒடச்சத அவங்கவங்க எடுத்துக்கினு போயிடுவாங்க."

அவருக்கு அது பெரிய பாராட்டு. கேட்டுக்கொண்டிருந்தவர்களின் வாய் அசைவது நின்றதை நான் கவனித்தேன்.

"பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டான் கோப்பை கழுவுகிறவன்.

"பிறகு தண்ணி ஓடிச்சி."

இங்கேதான் நான் வாயைத் திறந்தேன். கதை குறையாக நிற்பது எனக்குப் பொறுக்காது. அது ஒரு நோய். "இல்லை," என்றேன். "282ஆம் ஆண்டு, இலையுதிர் காலத் தொடக்கம். வாய்க்கால் வெட்டிய படைவீரர்களே எழும்பி வந்தார்கள். அவன் ஓடி, தான் கட்டுவித்த இரும்புக் காவற்கோபுரத்தில் ஏறினான். அங்கேயே கொன்றார்கள். பழைய வரலாறு ஒன்று அப்படிச் சொல்கிறது. பாதி நம்பலாம், கொன்றது உண்மை."

"வேலை வாங்கினதுக்கோ போட்டவங்கள்?"

"ஓம். கோபத்துக்கு முக்கிய காரணம் அதுவென்றுதான் எழுதியிருக்கிறது."

"பாத்தியளே கொம்மாந்தான்," என்றான் அவன், எலும்பைத் துப்பிவிட்டு. "ரோமாபுரிக்காரனே பொறுக்கேல்லை. நாங்கள் நல்ல ஆக்கள்."

வரிசை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். பார்சலை மடித்துச் சாக்கில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "முசே கிட்ட எல்லாத்துக்கும் தேதி இருக்கு," என்றார். அவ்வளவுதான். அன்று அவர் அந்த முடிவை முதல் தடவை கேட்டார் என்று நான் நினைக்கவில்லை. தெரிந்துகொண்டேதான் அத்தனை வருடமும் நிறுத்தியிருக்கிறார்.

அதன் பிறகு கடைகளில் அது ஒரு பேச்சாகிவிட்டது. "என்னடாப்பா, கோபுரம் எப்ப ஏறுறார்?" "ஏணி றெடியாம்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்கள். நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதைக் குறித்து வைக்கவில்லை.

ஒப்பிடுவது எளிது, முழுக்க ஒப்பிட முடியாது என்றும் சொல்லவேண்டும். புரோபஸ் ஆயிரக்கணக்கானோரைக் கொன்று வென்றவன். இவர் செய்ததெல்லாம் சாக்கு நீட்டியதுதான். எங்கள் ஆட்களும் கொலைகாரர் அல்ல. அவர்கள் கூட்டம் போட்டார்கள்.

ஒக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி, அதே கார்ஜ் மண்டபம். ஆட்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் வந்துவிட்டார்கள். "கொம்மாந்தான், கீழ இருந்து கொஞ்சம் கதிரை எடுத்தாறியளே," என்று சங்கத் தலைவர் கேட்டார். கதிரை எடுக்க யாரும் அவரை இரண்டாம் தரம் கேட்கத் தேவையில்லை. அவர் கீழே போனதும் கதவைச் சாத்தினார்கள்.

கோப்பை கழுவுகிறவன்தான் எழுந்தான். "இவர் எங்கட ஆக்களைக் குப்பை அள்ளுற ஆக்களாக்கி வைச்சிருக்கிறார். உவருக்கு எங்கட கஷ்டம் என்ன தெரியும்? பிறந்த நாளில இருந்து பிரெஞ்சுப் பத்திரத்தோட இருக்கிற ஆள். எண்ட அப்பா செத்த அண்டைக்கு எனக்கு வெங்காயம் உரிக்கத் தந்தவர். மனுசத் தன்மை இருக்கோ?"

மண்டபம் முழுக்க உச்சுக் கொட்டியது. அன்று அவன் சொன்ன வசனம் என் மடியில் இருந்த பையில், கொப்பியில் இருந்தது. மாசி மாதம், சனிக்கிழமை, மாலை ஆறே கால். எடுத்து வாசித்திருக்கலாம். நான் பேனாவைத் திறந்து குறிப்பு எழுதத் தொடங்கினேன்.

கை உயர்த்தச் சொன்னார்கள். எண்ணினேன். வந்திருந்த முப்பத்தேழு பேரில் முப்பத்து நான்கு கை. சாவகச்சேரியைச் சேர்ந்த வயதான சகோதரர்கள் இருவர் கை உயர்த்தவில்லை. மூன்றாவது ஆள் நான். குறிப்பெழுதுகிறவன் கை உயர்த்தவேண்டியதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"செயலாளர், ஏகமனதாக எண்டு போடுங்கோ," என்றார் தலைவர். "பிரிவினை எண்டு வெளியில போனா வடிவில்லை."

நான் முப்பத்து நான்கு என்று எழுதியிருந்ததை ஒரு கோட்டால் வெட்டி, மேலே ஏகமனதாக என்று எழுதினேன். கையொப்பமும் இட்டேன்.

கதவு திறந்தபோது அவர் இரண்டு கையிலும் இரண்டிரண்டு கதிரைகளோடு நின்றார். தலைவர் பேச்சை நீட்டி நீட்டிச் சொன்னார்: வயது, உடம்பு, இளம் ஆட்களுக்கு இடம். அவர் கதிரைகளை ஒவ்வொன்றாக விரித்து வைத்தார். நின்றுகொண்டிருந்தவர்களைப் பார்த்து "உக்காருங்க" என்றார். பிறகு என்னிடம் வந்து கொப்பியைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"எல்லாருமே கை தூக்கினாங்களா முசே?"

முப்பத்து ஆறு பேர் என் வாயைப் பார்த்தார்கள்.

"அதில் எழுதியிருக்கிறது," என்றேன்.

"ஆமா," என்றார். "நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்."

அதற்குப் பிறகு அவர் தேநீர்க் கடைக்கு வரவில்லை. நான் போய்ப் பார்த்திருக்கலாம். சென் தெனி எத்தனை தூரம்? லா ஷப்பெலில் இருந்து அரை மணி நேரம் கூட இல்லை.

அடுத்த ஓகஸ்டில் தேர் வந்தது. புதிய தொண்டர் தலைவர் சாக்கு எதுவும் கொடுக்கவில்லை. நகரசபை பார்த்துக்கொள்ளும் என்று ஐந்து மணிக்கே பார்சலைப் பிரித்துவிட்டார்கள். ஐந்தரை இருக்கும். வீதியின் கடைசியில், நகைக்கடைக்கு முன்னால், ஒருவர் தனியாகக் குனிந்து சிரட்டைகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். மேலங்கி இல்லை, வெள்ளைச் சட்டை. கையுறையும் இல்லை. எங்கள் புதுப் பொடியன் ஒருவன், அவரை யாரென்று அறியாதவன், "ஐயா, வண்டி வருது, கரையால நில்லுங்கோ" என்றான். அவர் ஓரமாக ஒதுங்கி நின்றார். வண்டி போனதும் திரும்பவும் குனிந்தார். நான் எதிர்ப்பக்கம் நடைபாதையில் நின்றேன். இடையில் ஒரே ஒரு வீதி. பச்சை விளக்கு மூன்று தரம் மாறியது. நான் கடக்கவில்லை.

நவம்பர் 23ஆம் தேதி காலையில் மாரடைப்பால் இறந்தார். அவருடைய ஆட்கள் பதினாறாம் நாள் கருமாதி செய்து முடித்துவிட்டார்கள். ஆனால் எங்கள் சங்கத்துக்கு மனம் ஆறவில்லை. யாழ்ப்பாணத்தார் வழக்கப்படி முப்பத்தோராம் நாளுக்கு மண்டபம் எடுத்து, சாப்பாடு போட்டு, நினைவு மலர் அச்சடித்துக் கொடுக்கவேண்டும் என்று தீர்மானித்தார்கள். புதுச்சேரியில் அப்படி ஒரு வழக்கம் இல்லை என்று நான் சொன்னேன். "அவர் எங்கட ஆள் அண்ணை," என்றான் கோப்பை கழுவுகிறவன். கண் கலங்கித்தான் சொன்னான். "எண்ட அப்பா செத்த அண்டு எனக்குப் பக்கத்தில இருந்தவர்." அவன் நடிக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

புரோபஸைக் கொன்ற படைவீரர்களும், கொன்ற கையோடு ஒன்றுகூடி, உயர்ந்த மேடிட்டு அவனுக்குப் பெரிய கல்லறை கட்டினார்கள். பளிங்கில் அவன் நேர்மையையும் வெற்றிகளையும் எழுதினார்கள். யார் கொன்றது என்று அதில் இல்லை. அதை எழுதிக் கொடுத்தவன் யாரென்று எந்த நூலிலும் இல்லை. அவனும் முகாமில் கணக்கு வழக்கு எழுதுகிறவனாகத்தான் இருந்திருப்பான்.

மலருக்கு வாழ்க்கைக் குறிப்பு என்னிடம்தான் வந்தது. எழுதினேன். தொண்டர் தலைவராக இருந்த காலத்துக்குத் தொடங்கிய மாதமும் முடிந்த மாதமும் போட்டேன். அது ஒன்றுதான் நான் காட்டிய வீரம். எண்ணிப் பார்க்கிறவன் எண்ணட்டும், முடிவுக்கும் மரணத்துக்கும் நடுவில் ஏன் பதின்மூன்று மாதம் என்று கேட்கட்டும் என்று நினைத்தேன்.

தலைவர் தொலைபேசியில் வந்தார். "மாஸ்டர், எல்லாம் நல்லா வந்திருக்கு. அந்த முடிஞ்ச மாசத்தை மட்டும் எடுங்கோ. சும்மா ஆக்கள் விரல் விட்டு எண்ணுவினம். இறுதிவரை எண்டு போடுங்கோ."

"இறுதிவரை இல்லையே."

"செத்தவருக்கு அது மரியாதை தானே மாஸ்டர். ஒருத்தருக்கும் நட்டமில்லை."

எடுத்தேன்.

முப்பத்தோராம் நாள் அவருடைய மனைவியும் மகளும் வந்தார்கள். இத்தனை ஆட்களா என்று அந்த அம்மா திகைத்துப்போய், வந்த எல்லோர் கையையும் பிடித்துக்கொண்டார். மகள் இங்கே பிறந்தவள், பொபினியில் ஓர் அலுவலகத்தில் வேலை. தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. சாப்பாடு முடிந்ததும் மலரோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மாமா என்பதைப் பிரெஞ்சில் சொல்லி அழைத்தாள்.

"தொந்தோன், நீங்கதானே தேதி எல்லாம் எழுதி வெப்பீங்க? அப்பா சொல்வாரு. இத எனக்கு கொஞ்சம் பிரெஞ்சுல சொல்றீங்களா? பசங்களுக்கு எழுதி வெக்கணும்."

வரி வரியாகச் சொன்னேன். படை, வேலை, சென் தெனி. அவள் ஒவ்வொரு வரிக்குக் கீழும் சின்ன எழுத்தில் பிரெஞ்சில் எழுதிக்கொண்டு வந்தாள். அந்த வரி வந்தது.

"இறுதிவரை எமது தொண்டர் தலைவராக," என்று தமிழில் வாசித்து, பிரெஞ்சில் சொன்னேன்.

அவள் பேனா நின்றது. "போன ஓகஸ்ட் வீட்டுக்கு வந்தப்ப கையெல்லாம் கீறல் தொந்தோன். ரத்தம். அம்மா மருந்து போட்டாங்க. நான் சண்ட போட்டேன், நாப்பது பேருக்கு ஷெஃப், தலைவரு, நீங்களே ஏன் கையால அள்றீங்கன்னு. ஆளு கம்மிம்மா, அதான்னாரு." என்னைப் பார்த்தாள். அவருடைய பார்வைதான் அது. "அந்த ஓகஸ்ட்லயும் அப்பாதானே ஷெஃப்?"

வீட்டிலும் சொல்லவில்லை. பதின்மூன்று மாதம் மறைத்திருக்கிறார். மண்டபத்தின் மறுபக்கத்தில் கோப்பை கழுவுகிறவன் பாயாச வாளியோடு பந்திக்குப் பந்தி போய்க்கொண்டிருந்தான். உண்மையைச் சொன்னால் அவருடைய பொய்யை உடைக்கவேண்டும். சொல்லாவிட்டால் எங்களுடையது நிற்கும். இரண்டும் ஒரே பொய்யாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

"ஓம்," என்றேன். "அவர்தான்."

அவள் தலையாட்டினாள். அந்த வரிக்குக் கீழே, 'கடைசி நாள்வரை' என்று பிரெஞ்சில் எழுதினாள். பிறகு பேனாவை என்னிடம் நீட்டி, நவம்பர் 23 என்ன கிழமை, அதையும் பக்கத்தில் போட்டுவிடுங்கள் என்றாள். நான் யோசிக்காமல் சரியாக எழுதிக் கொடுத்தேன்.